முழு நைட் வாரம்

சிங்காநல்லூர்ப் பக்கத்து லைன் வீடுகளில் வளர்ந்தவர்கள் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், மணி தெரிந்துகொள்ள நாங்கள் கடிகாரத்தைப் பார்த்ததில்லை என்பார்கள். மில் சங்கு ஊதும். காலை 8 மணிக்கு ஒன்று, சாயங்காலம் 4 மணிக்கு ஒன்று, நடுராத்திரி 12 மணிக்கு ஒன்று. சுற்றிலும் எத்தனையோ மில்கள், ஒவ்வொரு சங்குக்கும் ஒரு தொண்டை. எங்கள் மில்லின் சங்கு முதலில் கொஞ்சம் கரகரத்து, பிறகு நீண்டு, நிற்க மனசில்லாமல் நிற்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் அடுப்பில் உலை ஏறும், பள்ளிக்கூடப் பை தோளுக்கு வரும், வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரியில் மேய்கிற ஆட்டைப் பிடித்துக் கட்ட யாராவது கிளம்புவார்கள். கோயம்புத்தூரின் முதல் பஞ்சாலை 1888-ல் வந்தது என்றும், 1932-ல் பைக்காரா மின்சாரம் இறங்கி வந்த பிறகு ஊரைச் சுற்றி மில்கள் மளமளவென்று பெருகின என்றும் பின்னாளில் படித்தேன். மலையிலிருந்து வந்த அந்தக் கரண்டுக்கு ராத்திரி, பகல் என்ற வித்தியாசம் கிடையாது. மனுசனுக்கு உண்டு. அந்த வித்தியாசம் எங்கள் வீட்டுக்குள் என்னவெல்லாம் செய்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா ரிங் பிரேமில் சைடு பார்த்தார். சுற்றிக்கொண்டே இருக்கும் நூற்றுக்கணக்கான கதிர்களில் எங்கே நூல் அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் எட்டு மணி நேரமும் நடக்க வேண்டும், எட்டு மணி நேரமும் கண் விழித்திருக்க வேண்டும். ஒரு வாரம் பகல், அடுத்த வாரம் அரை நைட், அதற்கடுத்த வாரம் முழு நைட். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பாயை விரிக்கும்போது தம்பி அம்மாவிடம் கேட்பான், "நாளைக்கு எந்த அப்பா?" அம்மா சிரிக்காமல் பதில் சொல்லுவாள். அது சிரிக்கிற கேள்வி இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

பகல் வாரத்து அப்பாவை ஊருக்கே பிடிக்கும். நாலரைக்கு வீட்டுக்கு வந்து, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் இரண்டு குடம் தண்ணீரைத் தலையோடு ஊற்றிக்கொண்டு, மெசின் எண்ணெய் வாசமும் லைப்பாய் சோப்பு வாசமும் கலந்து திண்ணையில் வந்து உட்காருவார். ரேடியோவைத் திருகினால் இலங்கை வானொலி கரகரவென்று வரும். "அம்மிணி, வெசயா வா, கொளத்துக்குப் போயிட்டு வரலாம்" என்று சைக்கிளை எடுப்பார். முன்னால் கம்பியில் துண்டைச் சுற்றித் தம்பி, பின்னால் கேரியரில் நான். சிங்காநல்லூர்க் குளத்துக்கரையில் நாரைகள் நிற்கும், ஆகாயத்தாமரை மணக்கும், அப்பா வறுத்த கடலை வாங்கித் தொலி ஊதி எங்கள் கையில் போடுவார். ராத்திரி ஒன்பதுக்கெல்லாம் படுத்து, படுத்த மாத்திரத்தில் குறட்டை விடுவார். அந்தக் குறட்டைக்குக் கீழே படுத்தால் பேய், பிசாசு, கணக்கு வாத்தியார் எதற்கும் பயம் வராது. 

அரை நைட் வாரத்து அப்பாவை நாங்கள் பார்த்ததே குறைவு. நாங்கள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார், திரும்பி வரும்போது மில்லுக்குப் போயிருப்பார். நடுராத்திரி வீடு வந்து, விடிந்து வெயில் ஏறும்வரைக்கும் தூங்குவார். கழுவிக் கவிழ்த்த தூக்குப்போசி, கொடியில் ஈர வேட்டி, எப்போதாவது அலமாரித் தட்டில் காகிதம் சுற்றிய தேங்காய் பன்: இவைதான் அந்த வாரத்து அப்பா. பன்னை நானும் தம்பியும் பாதியாய்ப் பிய்க்கும்போது நடுவில் உள்ள தேங்காய்க்கு எப்போதும் ஓரியாட்டம் நடக்கும்.

முழு நைட் வாரம்தான் பெரிய வாரம். அதற்கு வீட்டையே தயார் செய்ய வேண்டும். ஞாயிறு சாயங்காலமே அம்மா கோணிச்சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, தெருப்பக்கத்து ஜன்னலில் ஆணியடித்துத் தொங்கவிடுவாள். வெளிச்சமும் வராது, காற்றும் கொஞ்சம் குளுகுளுவென்று வரும். ஈரச்சாக்கின் அந்த மண் வாசத்தை இன்றைக்கு ஏதாவது மளிகைக் கடையில் முகர்ந்தாலும் என் குரல் தானாகத் தணிந்துவிடும். டைம்பீஸைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைப்பாள். கதவுச் சங்கிலிக்குக் கிழிந்த சேலைத் துண்டு, வாளிக் கைப்பிடிக்கு இன்னொரு துண்டு. பிறகு எங்கள் இருவரையும் நிறுத்தி வைத்து ஒரே ஒரு சொல் சொல்லுவாள்: "பொட்டாட்டிருக்கோணும்." சத்தம் காட்டக் கூடாது என்று அர்த்தம்.

லைன் வீடுகளுக்கென்று ஒரு மரியாதை இருந்தது. எந்த வீட்டிலும் யாராவது ஒருத்தர் ஏதாவது ஒரு வாரம் முழு நைட்டில் இருப்பார். பகல் பத்து மணிக்கு ஒரு வீட்டு வாசலில் ஆம்பளை சைக்கிள் சாய்ந்து நின்றால் உள்ளே ஆள் தூங்குகிறது என்று அர்த்தம். கீரைக்காரம்மா அந்த வாசலைத் தாண்டும்வரை கூவ மாட்டார். குச்சி ஐஸ்காரர் பெட்டி மூடியைத் தட்டுவதை நிறுத்திவிட்டு, அடுத்த வீட்டு வாசலில் மறுபடி ஆரம்பிப்பார். எதிர்வீட்டு அக்கா மாவாட்டுவதைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைப்பார்; அவர் வீட்டு மாமா முழு நைட் பார்க்கும் வாரத்தில் எங்கள் அம்மாவும் அம்மியைத் தொட மாட்டாள். யாரும் யாரிடமும் கேட்டுக்கொண்டதில்லை. அத்தனை ஆரவாரமான தெருவில், ஒரு மனிதனின் தூக்கத்துக்காக ஒரு வாசல் அளவுக்கு மட்டும் சத்தம் இறங்கி, பிறகு ஏறும்.

நாங்கள் பேசாமல் இருக்கவும் ஒரு வழி கண்டுபிடித்தோம், அதையும் அப்பாதான் தெரியாமல் கற்றுக்கொடுத்திருந்தார். ரிங் பிரேம் ஓடும் இடத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதும் காதில் விழாது. அங்கே பெரும்பாலும் கைச்சாடைதான், அது போதாதபோது கத்த வேண்டும். மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தொட வேண்டும், தண்ணீர் என்றால் கட்டைவிரல், டீ என்றால் விரலை வளைத்து ஆட்ட வேண்டும். பகல் வாரங்களில் விளையாட்டாகக் காட்டிய அந்தச் சாடைகளை முழு நைட் வாரத்தில் நாங்கள் எங்கள் பாஷையாக்கிக்கொண்டோம். தம்பி மீசையைத் தொட்டால் அப்பா புரண்டு படுக்கிறார் என்று பொருள். அரைப் பரீட்சை லீவு முழுக்க ஒரு சொல் பேசாமல் சண்டை போட்டு, ஒரு சொல் பேசாமல் சமாதானமும் ஆகியிருக்கிறோம். அந்தத் திறமையை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமைதான்.

மில்லில் கத்திக் கத்தியே அப்பாவின் குரல் பெரிதாகிவிட்டிருந்தது. "சோறு போடு" என்பதே தெருமுனை வரை கேட்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் ஏதோ சண்டை என்று பயந்து போவார்கள். சத்தம் வேறு, கோவம் வேறு என்பது எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலேயே தெரியும். சத்தத்தில் அப்பாவின் கண் அகலமாக இருக்கும். கோவத்தில் சுருங்கும்.

முழு நைட் முடிந்து எட்டே காலுக்கு அவர் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது, புருவத்தில் பஞ்சு, காது மடலில் பஞ்சு, இமை மயிரில்கூட ஒரு துளிப் பஞ்சு இருக்கும். ராத்திரி முழுக்க முழித்த மனிதர் சோர்ந்து வருவார் என்றுதானே நினைப்பீர்கள்? அப்பா குதூகலமாக வருவார். ஏதாவது பேசி தானே சிரிப்பார், தம்பியைத் தூக்கித் தட்டாமாலை சுற்றுவார், சட்டைப் பையில் கையை விட்டால் கால் ரூபாய் வரும். புது ஸ்லேட்டு, ரிப்பன், சுற்றுலாவுக்குப் பணம் எதுவாக இருந்தாலும் அந்த அரை மணி நேரத்தில் கேட்டுவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். முழு நைட் வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலைதான் நல்ல நாள் என்று ஒரு பஞ்சாங்கமே வைத்திருந்தேன். தூக்கம் கெட்டால் எரிச்சல் மட்டும்தான் வரும் என்பதில்லை; ஆராய்ச்சியாளர்கள், தூங்காத மூளை சந்தோசமான படங்களைப் பார்த்தாலும் வழக்கத்தைவிட அதிகமாகக் கிளர்ந்தெழுகிறது என்று 2011-ல் எழுதினார்கள். படித்ததும் எனக்கு அந்தப் பஞ்சு ஒட்டிய புருவம்தான் கண்ணுக்குள் வந்தது. ஊஞ்சல் கயிறு தளர்ந்துவிட்டால் இந்தப் பக்கமும் தூரம் போகும், அந்தப் பக்கமும் தூரம் போகும் அல்லவா, அப்படித்தான் இருந்திருக்கிறது.

அந்தப் பக்கம் மத்தியானம் வரும். ஒன்பது மணிக்குப் படுத்தவர் ஒன்றரை, இரண்டுக்கு எழுந்துவிடுவார். ஓட்டு வீடு, உச்சி வெயிலில் ஓடு காய்ந்து அனல் இறங்கும், ஈரச்சாக்கு காய்ந்து மொடமொடத்துவிடும். அதைவிடப் பெரிய காரணம் உடம்புக்குள் இருந்தது என்று இப்போது தெரிகிறது. சூரியன் ஏற ஏற உடம்பின் சூடும் ஏறும், முழிக்கவைக்கும் உந்துதலும் ஏறும்; பகல் தூக்கம் அந்த ஏற்றத்தை எதிர்த்து மிதிக்க வேண்டியிருக்கிறது. இப்படி உடம்புக்குள் நேரம் பார்க்கும் மரபணுக்கள் வேலை செய்யும் விதத்தைக் கண்டுபிடித்ததற்காக 2017-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று பேருக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அதுமட்டுமில்லை, மனித உடம்பின் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சராசரியாகப் பத்துப் பதினோரு நிமிடம் கூடுதலாக ஓடுகிறது என்று 1999-ல் ஹார்வர்டில் அளந்து சொன்னார்கள். அதனால் தூங்கும் நேரத்தைப் பின்னால் தள்ளுவது சுலபம், முன்னால் இழுப்பது கஷ்டம். பகலிலிருந்து அரை நைட்டுக்குப் போகும்போது அப்பா சமாளித்தார். முழு நைட் முடிந்து திங்கள் காலை பகல் ஷிப்டுக்கு ஓடும்போது இரண்டு நாள் வாடிக் கிடந்தார். நாங்கள் அதைச் சனிப்பெயர்ச்சி என்று நினைத்திருந்தோம்.

எழுந்தவுடன் கயிற்றுக்கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எதிர்ச் சுவரில் முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பார். கண் அதில் இருக்கும், பார்வை இருக்காது. வாரத்தின் ஆரம்பத்தில் அது பத்து நிமிடம். வியாழன், வெள்ளியில் ஒரு மணி நேரம் ஆகும். ஒரு வெள்ளிக்கிழமை தம்பி கையிலிருந்து எவர்சில்வர் வட்டல் நழுவி, சிமெண்ட் தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி, நிற்கவே மாட்டேன் என்று சத்தம் போட்டது. அப்பா எழுந்து வந்து அதை எடுத்து ஒரே வீச்சாகப் பொடக்காளிச் சுவரில் அடித்தார். கோழிகள் நாலாபக்கமும் சிதறின. தம்பி அழவில்லை, அழுதால் சத்தம் வருமே என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நின்றான். ஐந்து வயசுப் பிள்ளைக்கு அவ்வளவு கட்டுப்பாடு இருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி நேரம் தொடர்ந்து தூங்கி எழுந்தவர், அந்த வட்டலைத் தேடி எடுத்து, மரச்சுத்தியலால் கோணலைத் தட்டித் தட்டி நேராக்கி, தம்பியை மடியில் வைத்து அதிலேயே சோறுண்ண வைத்தார். மன்னிப்பு என்று எதுவும் பேசப்படவில்லை. அப்பாவுக்கு அன்றைக்கு ஏன் அவ்வளவு கோவம் வந்தது என்று அப்பாவுக்கே தெரியவில்லை என்பதுதான் நிஜம் என்று நினைக்கிறேன்.

2007-ல், தூக்கத்தை ஆராயும் மேத்யூ வாக்கர் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 26 இளைஞர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை ஏறக்குறைய 35 மணி நேரம் தூங்கவிடாமல் வைத்து, எல்லோருக்கும் சில படங்களைக் காட்டினார்கள். மூளையின் உள்ளே பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி, அமிக்டலா என்று பெயர், பயத்துக்கும் கோவத்துக்கும் மணியடிக்கும் இடம். தூங்காதவர்களுக்கு அது 60 சதவீதம் அதிகமாகக் கிளர்ந்தது. நெற்றிக்குப் பின்னாலிருந்து "பொட்டாட்டிரு" என்று அதை அடக்கும் பகுதியோடு இருந்த தொடர்பும் தளர்ந்து போயிருந்தது. ஒரு ராத்திரிக்கே இப்படி. அப்பா வாரக்கணக்கில், வருசக்கணக்கில் அந்தத் தளர்ந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு, எங்கள் மேல் ஒரு நாளும் கைநீட்டாமல் இருந்தாரே, அந்த அடக்கத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இன்னொரு மத்தியானம். நான் பேச்சுப் போட்டியில் ஜெயித்து, சோப்பு டப்பா பரிசு வாங்கி, சிரிப்பை அடக்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்றேன். முழு நைட் வாரம் என்பதால் வாயைத் திறக்கவில்லை, சிரித்தபடியே டப்பாவை நீட்டினேன். "என்ன கிண்டலா?" என்றார். சிரிப்பு அவருக்குப் போய்ச் சேரவில்லை. அம்மா வந்து விளக்கிச் சொன்னதும், "அட, என்ற கண்ணு" என்று வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆனால் எனக்கு உள்ளே என்னவோ அணைந்துவிட்டது. தூக்கம் இழந்தவர்களுக்கு, மிதமான சிரிப்பையும் மிதமான கோவத்தையும் எதிராளியின் முகத்தில் கண்டுபிடிக்கும் திறன் குறைந்துபோகிறது என்று 2010-ல் ஒரு ஆய்வு சொன்னது. அந்த வரியைப் படித்த அன்றைக்கு நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். எத்தனை வருசத்துக்குப் பிறகு அந்தச் சோப்பு டப்பா எனக்குத் திரும்பிக் கிடைத்தது!

இதையெல்லாம் சொல்லிவிட்டு அம்மாவைச் சொல்லாமல் போனால் பாவம். அப்பாவின் தூக்கத்துக்குச் சாக்கு இருந்தது, துணி சுற்றிய சங்கிலி இருந்தது, தெருவே மரியாதை காட்டியது. அம்மாவின் தூக்கத்துக்கு ஒன்றுமே இல்லை. முழு நைட் வாரத்தில் பதினோரு மணிக்கு எழுந்து அப்பாவை எழுப்பி, தூக்குப்போசியில் தயிர்சோறும் நார்த்தங்காயும் வைத்துத் தாட்டிவிடுவாள். சங்கு கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவாள். சிறுவாணித் தண்ணீர் அந்த நாட்களில் எங்கள் குழாயில் மூன்று மணி, நாலு மணி என்று எந்நேரமும் வரும். கற்கண்டாய் இனிக்கும் தண்ணீர்தான், ஆனால் அது வருகிற நேரத்துக்கு அவள்தான் குடத்தோடு நிற்க வேண்டும். விடிந்தால் நாங்கள், எட்டேகாலுக்கு அப்பா, பிறகு பகல் முழுக்க அவர் தூக்கத்துக்குக் காவல். அம்மா கத்தியதே இல்லை. அழுவாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது என்று ஒரு முறை, பாலைத் துடைக்காமல் அப்படியே முக்காலியில் உட்கார்ந்து அழுதாள். நான் போய், "அரை லிட்டர்தானேம்மா, போனாப் போகுது" என்று தேற்றினேன். பாலுக்கு அழுகிறாள் என்று நம்பியிருந்த அந்தப் பெரிய மனுசியை இப்போது நினைத்தால் தூக்கி முத்தம் கொடுக்கத் தோன்றுகிறது.

இதற்கு வைத்தியம் தெரிந்தவர் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி ஒருவர்தான். பல்லடம் பக்கத்திலிருந்து மஞ்சப்பையில் தட்டைப்பயறும் கம்புமாகப் பஸ் ஏறி வருவார். திண்ணையில் காலை வைத்ததும் மகளின் முகத்தைத் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்ப்பார். என்ன பிரச்சினை, மாப்பிள்ளை ஏதாவது சொன்னாரா, கடன் தொந்தரவா என்று ஒன்றும் கேட்க மாட்டார். "நீ போய்ப் படு." அவ்வளவுதான். எங்களை இட்டேரிப் பக்கம் கூட்டிப்போய்விடுவார். பனம்பழம் பொறுக்கி, பொன்வண்டு பிடித்து, கதைகேட்டுப் பொழுது சாயத் திரும்பினால் அம்மா தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வேறு ஆளாக நிற்பாள். காலையில் பெரிய துக்கமாக இருந்தது எதுவும் அவள் முகத்தில் மிச்சமிருக்காது. "எங்கம்மா போச்சு அதெல்லாம்?" என்று கேட்டால், "எது கண்ணு?" என்பாள்.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தூக்கத்தில் சிரித்தால், "நரி வந்து வெளையாட்டுக் காட்டுது" என்பார் அம்மிச்சி. உதட்டைப் பிதுக்கினால், நரி மிரட்டுகிறது என்பார். நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காய் உட்கார்ந்து அந்த நரிக்காகக் காத்திருந்தேன். மூடிய இமைக்குள் கண்மணி இப்படியும் அப்படியும் ஓடும். நரி உள்ளேதான் இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. சிகாகோவில் யூஜின் அசெரின்ஸ்கி என்ற மாணவர், தன்னுடைய எட்டு வயது மகனின் கண்ணோரத்தில் கம்பிகளை ஒட்டி, அவன் தூங்குவதை ராத்திரி முழுக்கப் பார்த்திருந்துதான் கனவுத் தூக்கத்தைக் கண்டுபிடித்தார். 1953-ல் தன் பேராசிரியர் கிளைட்மனோடு சேர்ந்து அதை வெளியிட்டார். நானும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே நரியைத்தான்.

அம்மாவைப் போல, தூங்கி எழுந்து துக்கத்தை மறந்த ஒரு நாள் எனக்கும் உண்டு. மாசி மாதம் கோனியம்மன் தேருக்குப் போன நாள் அது. விடிவதற்கு முன்னே எழுப்பிக் கூட்டிப் போய்விட்டார்கள். ராஜவீதியில் கால் வைக்க இடமில்லை, பூ வாசம், உப்பு வாசம், மனுச வேர்வை வாசம், எல்லாவற்றுக்கும் மேலே மேளம். மத்தியானத் தூக்கமும் போயிற்று. சாயங்காலம் ஒரு பலூன்காரர் பச்சைப் பலூன் தீர்ந்துவிட்டது என்று சொன்னார். உலகத்தில் இனி எனக்கு யாருமே இல்லை என்று தோன்றியது. நடுவீதியில் உட்கார்ந்து, பாவாடையெல்லாம் மண்ணாக, நான் அழுத அழுகையில் போலீஸ்காரர் ஒருவர் பிள்ளை தொலைந்துவிட்டதோ என்று விசாரிக்க வந்துவிட்டார். அது பகல் வாரம். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். கழுத்துச் சட்டையின் வேர்வை ஈரம், நடைக்கு ஏற்ற ஆட்டம், காதுக்கு அருகே அவர் மூச்சு. உக்கடம் வருவதற்குள் தூங்கியிருப்பேன். காலையில் எழுந்தபோது தலைமாட்டில் சிவப்புப் பலூன் ஒன்று கட்டியிருந்தது. பச்சை வேண்டும் என்று யாரோ அழுதார்களே, அது வேறு யாரோ.

கனவு காணும் அந்தத் தூக்கத்தில், பதற்றத்துக்குக் காரணமான நோரட்ரினலின் மூளைக்குள் அநேகமாகச் சுரக்காமல் நின்றுவிடுகிறது. பகலில் பட்டதையெல்லாம் மூளை மறுபடி எடுத்துப் பார்க்கிறது, ஆனால் அந்தப் படபடப்பு இல்லாமல் பார்க்கிறது, அதனால்தான் விடிந்ததும் வலி கொஞ்சம் ஆறியிருக்கிறது என்று வாக்கர் ஒரு விளக்கம் சொல்கிறார். எல்லா ஆராய்ச்சியாளர்களும் இதை ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பச்சைப் பலூன் விஷயத்தில் நான் ஒத்துக்கொள்கிறேன்.

மனசு சரியாக இருந்தால்தான் அந்தத் தூக்கமே வரும் என்பதையும் எங்கள் வீடு பார்த்தது. ஒரு வருசம் மில்லை மூடப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கோவையில் அடுத்தடுத்து எத்தனையோ மில்கள் மூடப்பட்டன, பழைய ஆட்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்லுவார்கள். முதலில் முழு நைட்டை நிறுத்தினார்கள், பிறகு அரை நைட்டை. அப்பாவுக்கு வாரா வாரம் பகல் ஷிப்ட். எந்த ராத்திரிக்காக அவர் ஏங்கியிருந்தாரோ அந்த ராத்திரி முழுசாகக் கையில் இருந்தது. தூக்கம் மட்டும் வரவில்லை. கயிற்றுக்கட்டில் கிரீச்சிடும், கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி கிரீச்சிடும். பிறகு பீடி வாசம் வரும். அம்மா கசகசா அரைத்துப் பாலில் காய்ச்சிக் கொடுத்தாள், உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தேய்த்தாள், அம்மிச்சி பேரூர்த் திருநீற்றை மடித்து அனுப்பினார். ஒன்றும் கேட்கவில்லை. தூங்காத ராத்திரி மறுநாள் பயத்தைப் பெரிதாக்கியது, பெரிதான பயம் அடுத்த ராத்திரியைத் தின்றது.

அது எனக்கும் தொற்றிக்கொண்டது. பாயில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கட்டில் சத்தத்தை எண்ணுவேன். நான் முதலில் தூங்கிவிட்டால் மில் மூடிவிடும் என்று எப்படியோ எனக்குள் ஒரு கணக்கு. ஒரு சின்னப் பெண்ணின் விழிப்பை நம்பி ஆயிரம் பேர் வேலை நிற்கிறது என்ற பொறுப்போடு, கிள்ளிக் கிள்ளி விழித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் டீச்சர் பேர் கூப்பிட்டாலே கண் கலங்கியது. தம்பிக்கு இந்தக் கவலையெல்லாம் கிடையாது, வாயில் ஈ போவது தெரியாமல் தூங்கினான். பேச்சுவார்த்தை முடிந்து இன்னும் கொஞ்ச காலத்துக்கு மில் ஓடும் என்று தெரிந்த அன்றைக்கு அப்பா சாப்பிட உட்கார்ந்த இடத்திலேயே, பிசைந்த சோற்றில் கை இருக்க, சுவரில் சாய்ந்து தூங்கிப் போனார். அம்மா அந்தக் கையை எடுத்து, சொம்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டாள். அவர் முழிக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் ஒட்டுக்கா ஆசாரத்துத் தரையிலேயே தூங்கினோம், விளக்கை யார் அணைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கமெல்லாம் இன்றைக்கும் நூற்பாலைகளில் ராத்திரி ஷிப்ட் ஓடுகிறது. தூரத்து ஊர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் நிறையப் பேர். ஒருத்தி படுக்கும்போது இன்னொருத்தி கிளம்புவாள். கோவக்காரி, அழுமூஞ்சி, சிடுமூஞ்சி என்று அங்கே பேர் வாங்கும் பெண்ணைப் பார்த்தால், இந்த வாரம் உனக்கு எந்த ஷிப்ட் அம்மிணி என்றுதான் எனக்கு முதலில் கேட்கத் தோன்றும். கூலியைக் கணக்கிடுகிறோம், சோற்றைக் கணக்கிடுகிறோம்; இருட்டான ஒரு அறையையும் சத்தமில்லாத ஒரு பகலையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

அப்பாவுக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. என் மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு நைட் டூட்டி விழும் வாரத்தில் யாரும் சொல்லாமலேயே அவர் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார். அவள் காலையில் வந்து படுத்ததும் காலிங்பெல் சுவிட்சை அணைக்கிறார், குக்கர் வைக்க விடமாட்டேன் என்கிறார், ஜன்னலுக்குத் தடித்த திரை போதாதென்று தன் கம்பளியையும் மாட்டுகிறார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்துகொள்கிறார். போன வாரம் ஒரு குட்டி டெம்போ, ஒலிபெருக்கியில் "வெங்காயம் வெங்காயம்" என்று அலறிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தது. அப்பா கையை நீட்டி நடுத்தெருவில் நின்று, அந்தக் காலத்து மில் குரலில், "நிறுத்துப்பா அதை! உள்ள புள்ள தூங்குது" என்றார். வெங்காயக்காரப் பையன் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, காதைத் தேய்த்துக்கொண்டே, "பெரியவரே, என்ற மைக்கைவிட நீங்கதானுங்க சத்தமா இருக்கறீங்க" என்றான். அப்பா ஒரு நிமிடம் அவனையே பார்த்தார். பிறகு உதட்டில் விரலை வைத்து, மற்ற கையால் ஐந்து கிலோ என்று சாடை காட்டினார்; எங்கள் வீட்டில் ஏற்கனவே மூட்டை வெங்காயம் இருந்தது.